காக்கா பறக்குற தூரமும் வாணியம்பாடிக்காரன் போற தூரமும்

நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர் "வேலூர்ல விமானம் இறங்கிட்டா ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் எங்கயோ போயிடும்"னு உணர்ச்சி பொங்க ஒரு பதிவு போட்டிருந்தார். பின்னூட்டம் போடலாம்னு உக்காந்தேன். நாலு வரியில முடியுற சமாச்சாரமா அது? எழுத எழுத நீண்டுக்கிட்டே போச்சு. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில இவ்வளவு நேரம் உக்காந்து பேசறது மரியாதை இல்லன்னு நம்ம கடைக்கே தூக்கிட்டு வந்துட்டேன்.

சுத்தி வளைக்காம விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். "விமான நேரம்"ங்கறது ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போற நேரம் இல்லீங்க. ஒரு ஓடுதளத்துல இருந்து இன்னொரு ஓடுதளத்துக்குப் போற நேரம். இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நம்பிக்கிட்டுத் திட்டம் போட்டா, அடி வாங்கறது ரெண்டு ஓடுதளத்துக்கும் நடுவுல குடியிருக்கற எங்க சனம்தான். வாணியம்பாடிக்கு விமானம் வேணாம்னு சொல்லல. எங்களுக்குத் தேவை என்னன்னு கணக்குப் போடறவங்க கையில இருக்கற அளவுகோலே தப்புன்னு சொல்றேன்.

அந்த 50 நிமிஷம் எங்க இருந்து வருது?

இணையத்துல ரெண்டு ஊர் பேரைத் தட்டினா தூரமும் விமான நேரமும் துப்பற பக்கங்கள் ஏகப்பட்டது இருக்கு. சென்னை, பெங்களூருன்னு போட்டா ஏறக்குறைய 270 கி.மீ., 50 நிமிஷம்னு வரும். பார்க்க ரொம்பத் துல்லியமா இருக்கும். ஏதோ விமானி பக்கத்துல உக்காந்து கடிகாரம் பார்த்து எழுதின மாதிரி!

இந்தப் பக்கங்கள்ல முக்காவாசி என்ன பண்ணுதுன்னா, ரெண்டு இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய எடுத்து, பூமி உருண்டை மேல ஒரு நேர்கோடு போடுது. அதுதான் தூரம். அதை மணிக்கு 800 கி.மீ.ன்னு வகுக்குது. 20 நிமிஷம் வரும். ஏற இறங்க ஒரு அரை மணி நேரம்னு குத்துமதிப்பா சேர்த்துக்குது. ஆச்சு, 50 நிமிஷம். அஞ்சாங்கிளாஸ் கணக்கு.

இதுல பெரிய காமெடி என்னன்னா, இதே பக்கங்கள்ல வாணியம்பாடின்னு போட்டாலும் விடை வரும். அதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்க. வாணியம்பாடியில இருந்து சென்னைக்கு நேர்கோட்டுல ஏறக்குறைய 185 கி.மீ. விமான நேரம் 44 நிமிஷம். பெங்களூருக்கு 115 கி.மீ. சொச்சம். விமான நேரம் 39 நிமிஷம். எங்க ஊர்ல விமான நிலையம் எங்கய்யா இருக்கு? பாலாத்துல தண்ணி இல்லாம மணல் கெடக்குதே, அதுல இறக்குவாங்களோ?

எங்க ஊரு மனுஷன் நிஜமா போற தூரம் வேற. ரயில்ல சென்னை சென்ட்ரல் சுமார் 200 கி.மீ. பெங்களூரு சுமார் 160. ரோட்டுல கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா பெங்களூரு 150 பக்கம். நேர்கோட்டுக்கும் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கிலோமீட்டர் இல்ல. நடுவுல மலை இருக்கு, ஆறு இருக்கு, டோல்கேட் இருக்கு, ஓசூர் டிராஃபிக் இருக்கு. காக்காவுக்கு இது எதுவும் கிடையாது. அதனாலதான் காக்கா சீசன் டிக்கெட் எடுக்கறதில்ல.

விமானக் கம்பெனிக்கு ஒரு நேரம், பயணிக்கு ஒரு நேரம்

விமானக் கம்பெனிக்காரங்க அட்டவணையில போடறது 'பிளாக் டைம்'. நிறுத்தி வச்ச இடத்துல சக்கரக்கட்டை எடுத்ததுல இருந்து, போய்ச் சேர்ந்த இடத்துல மறுபடி கட்டை வைக்கற வரைக்கும். ஊர்ந்து ஓடுதளத்துக்குப் போறது, வரிசையில நிக்கறது, வானத்துல வட்டமடிக்கறது எல்லாம் அதுல சேர்த்தி. சென்னை–பெங்களூருக்கு அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே வரும். வானத்துல இருக்கறது அதுல முக்கால் மணி போல. மிச்சமெல்லாம் சடங்கு. கல்யாணத்துல தாலி கட்டற நேரம் மாதிரி.

இப்ப பயணியோட நேரத்தைக் கணக்குப் போடுவோம். சென்னையில வீட்ல இருந்து மீனம்பாக்கம் முக்கால் மணி. உள்நாட்டு விமானத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி பை வாங்கற கவுன்ட்டரை மூடிடுவாங்க. அதனால ஒன்றரை மணி முன்னாடி போகணும். பயணம் ஒரு மணி அஞ்சு நிமிஷம். பை வாங்கி வெளிய வர 25 நிமிஷம். தேவனஹள்ளியில இருந்து பெங்களூரு ஊருக்குள்ள வர ஒண்ணேகால் மணி, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா. கூட்டுங்க: அஞ்சு மணி நேரம்.

வந்தே பாரத்ல போனா? சென்ட்ரலுக்குப் போக 40 நிமிஷம், ஒரு 20 நிமிஷம் முன்னாடி, ரயில்ல நாலரை மணியை ஒட்டி, இறங்கி வீட்டுக்குப் போக அரை மணி. ஆறு மணி நேரம்.

நேர்மையா சொல்றேன், விமானம்தான் ஜெயிக்குது. ஆனா எவ்வளவுல? காகிதத்துல 50 நிமிஷத்துக்கும் நாலரை மணிக்கும் நடுவுல மூணு மணி நாப்பது நிமிஷ வித்தியாசம். வாசப்படியில இருந்து வாசப்படிக்கு அளந்தா ஒரு மணி நேரம். மிச்ச ரெண்டு மணி நாப்பது நிமிஷம் எங்க போச்சு? அது விமான நிலையத்துக்குப் போற ரோட்டுலயும், பாதுகாப்புச் சோதனைக்கு பெல்ட்டைக் கழட்டற வரிசையிலயும் இருக்கு. ஆனா அது எந்த விளம்பரத்துலயும் இருக்காது.

இதுக்கு 2008-ஐ விடப் பெரிய சாட்சி வேணுமா? அதுவரைக்கும் பெங்களூரு விமான நிலையம்னா பழைய ஹெச்.ஏ.எல். நிலையம்தான். 2008 மே மாசம் அதை மூடிட்டு தேவனஹள்ளிக்கு மாத்தினாங்க. ஓசூர் ரோடு வழியா வர்ற எங்களுக்கு ஹெச்.ஏ.எல். ஊருக்குள்ள நுழைஞ்சு கொஞ்ச தூரம். தேவனஹள்ளியோ மொத்த பெங்களூரையும் தாண்டி அந்தக் கோடியில இருக்கு. எங்க பயணத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரே ராத்திரியில கூடிப் போச்சு. பெங்களூர்ல இருந்து மத்த ஊர்களுக்கு விமான நேரம் எவ்வளவு மாறிச்சு? கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. அளவுகோல் அசையவே இல்ல, அளக்கப்பட்ட ஆள் மட்டும் நொந்து போனான்.

எங்க ஊர்ல 'ஏர்' என்றால் கெட்ட வார்த்தை

வெளியூர் பதிவர்களுக்கு ஒரு தகவல். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு வரிசையா தோல் பதனிடறதும் ஷூ தைக்கறதும்தான் இங்க பிழைப்பு. வாணியம்பாடியில டேனரிங்க அதிகம், ஆம்பூர்ல ஷூ கம்பெனிங்க அதிகம். சரக்கு ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து, அமெரிக்கான்னு போகுது. கன்டெய்னர்ல ஏத்தி லாரியில சென்னைத் துறைமுகம், அங்க இருந்து கப்பல்.

"ஏர்ல போகுது"ன்னு ஒரு ஷூ கம்பெனியில யாராவது சொன்னா, முதலாளி முகத்தைப் பாக்கணும். ஆர்டரை நேரத்துக்கு முடிக்கலன்னா, கப்பலுக்குப் பதிலா விமானத்துல அனுப்பி அந்தச் செலவைக் கம்பெனியே ஏத்துக்கணும். மொத்த லாபமும் அதுல பறந்துடும், சில சமயம் முதலும் சேர்ந்து. 2023 கடைசியில செங்கடல்ல கப்பல்கள் மேல தாக்குதல் ஆரம்பிச்சு, சூயஸ் வழியை விட்டுட்டு ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு கப்பல் போனப்ப பத்து நாள், ரெண்டு வாரம்னு கூடிச்சு. அப்ப எத்தனை பேர் வயித்துல புளியைக் கரைச்சுதுன்னு இங்க வந்து கேளுங்க.

அந்த ஏர் சரக்குக்கும் இதே கதைதான். சென்னை–ஃபிராங்ஃபர்ட் பறக்கற நேரம் பத்து மணியை ஒட்டித்தான். ஆனா எங்க கம்பெனி கேட்ல கிளம்பின பெட்டி ஜெர்மனிக்காரன் கிடங்குல சேர மூணு நாலு நாள் ஆகும். லாரி, சுங்கம், காத்திருப்பு, மறுபடி சுங்கம், மறுபடி லாரி. விமானத்தோட வேகத்தைக் கூட்டி இந்த மூணு நாளைக் குறைக்க முடியாது. தரையில இருக்கற வேலையைச் சரி பண்ணினாத்தான் குறையும்.

ஒரு தடவை நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஐரோப்பாவுல இருந்து ஒரு பையர் வர்றதா இருந்தார். சென்னையில இறங்கினதும் எங்க ஊருக்கு உள்ளூர் விமானம் எத்தனை மணிக்குன்னு மெயில் அனுப்பினார். ஏதோ ஒரு பக்கத்துல நேரம் போட்டிருந்திச்சாம், முக்கால் மணி நேரம்னு. ஆபீஸ்ல எல்லாரும் ஙே! எங்க மேனேஜர் பாய் நிதானமா பதில் அடிக்கச் சொன்னார்: "கார் வரும், நாலு மணி நேரம் ஆகும், வழியில சாப்பாடு நல்லா இருக்கும்." அந்த மூணுமே நடந்துச்சு. பையர் மறு வருஷமும் வந்தார். அவர் எதிர்பார்த்தது வேகம் இல்ல. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்ங்கற உறுதி. அந்த உறுதியைக் கொடுத்தது நேர்மையான ஒரு எண்.

சரி, வேலூர் விமானத்துக்கு வருவோம்

இப்ப நண்பரோட வாதத்துக்கு வர்றேன். வேலூர் பக்கத்துல அப்துல்லாபுரத்துல வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம் ஒண்ணு கிடந்துச்சு. 2016-ல அறிவிச்ச 'உடான்' திட்டத்துல அதைச் சேர்த்தாங்க. சுமார் 500 கி.மீ., ஒரு மணி நேரப் பறத்தலுக்கு 2,500 ரூபாய்தான்னு உச்சவரம்பு. 2017 ஏப்ரல்ல சிம்லாவுல முதல் விமானத்தைக் கொடியசைச்சு அனுப்பினப்ப, ஹவாய் செருப்பு போட்டவனும் விமானத்துல ஏறணும்னு பிரதமர் பேசினார். நாட்டுக்கே செருப்பு தைக்கற ஊரு எங்களுது. எங்களுக்குப் புல்லரிக்காம இருக்குமா? 2025 தொடக்கத்துலயும் அது "விரைவில்"தான்.

வந்தே விட்டதுன்னே வச்சுக்குவோம். அந்த ஓடுதளத்தோட நீளத்துக்கு 20 இருக்கை போல உள்ள குட்டி விமானம்தான் சரிப்படும். பெரிய ஜெட் எல்லாம் இறங்காது. வாணியம்பாடிக்காரன் ஒருத்தன் அதுல சென்னைக்குப் போறான்.

வீட்ல இருந்து அப்துல்லாபுரம் சுமார் 60 கி.மீ., ஒண்ணேகால் மணி. அங்க காத்திருப்பு ஒரு மணி. பிளாக் டைம் 35 நிமிஷம். வெளிய வர 15 நிமிஷம். மொத்தம் 3 மணி 5 நிமிஷம். மீனம்பாக்கத்துல நிக்கறான்.

அதே ஆளு வீட்டு வாசல்ல காரை எடுத்து நெடுஞ்சாலையில நேரா விட்டா? மீனம்பாக்கம் சுமார் 200 கி.மீ., மூன்றரை மணி. மிச்சம் 25 நிமிஷம். விமானம் அரை மணி தாமதமானா அதுவும் காலி. ஒரு நாளைக்கு ஒரே விமானம்னா, அதைத் தவற விட்டா அன்னிக்குப் பொழுதே காலி.

வேலூர்க்காரனுக்குக் கணக்கு இன்னும் மோசம். அவன் வீட்ல இருந்து ஓடுதளம் 20 நிமிஷம். அப்புறம் அதே காத்திருப்பு, அதே பயணம். ரெண்டு மணி பத்து நிமிஷம் ஆகும். ரோட்டுல 130 கி.மீ., ரெண்டேகால் மணி. அஞ்சு நிமிஷம் மிச்சம் பண்ண ஒரு விமான நிலையம்! அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பாய் கடை டீ கூடக் குடிக்க முடியாது.

பெங்களூருக்குப் போறதா இருந்தா இன்னும் கொடுமை. மேற்கே இருக்கற ஊருக்குப் போக, கிழக்கே 60 கி.மீ. போய், அங்க ஏறி, நம்ம ஊர்ப் பக்கமாவே திரும்பிப் பறந்து வரணும். கீழ எட்டிப் பார்த்து வீட்டுக்காரம்மாவுக்குக் கையாட்டிட்டுப் போகலாம் :-)

"சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிகளை நினைச்சுப் பாருங்க"ன்னு நண்பர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. அவர் வாதத்துலயே வலுவானது இதுதான். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம்னு எங்கெங்க இருந்தோ சனம் காட்பாடியில வந்து இறங்கறதைக் கண்ணால பார்த்திருக்கேன். ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து, மடியில நோயாளியைப் படுக்க வச்சுக்கிட்டு வருவாங்க. அவங்களுக்கு வேணும்னா கொல்கத்தாவுல இருந்து நேரா பெரிய விமானம் வரணும். அது அப்துல்லாபுரத்துல இறங்காது. சென்னையில இருந்து 20 பேரை ஏத்திக்கிட்டு வர்ற குட்டி விமானத்துல ஸ்ட்ரெச்சர் நோயாளிக்கு என்ன இடம் இருக்கு? மீனம்பாக்கத்துல மறுபடி மாறி, மறுபடி காத்திருந்து, மறுபடி சோதனை. அதுக்கு நேரா ஒரு நல்ல வண்டி வச்சா ரெண்டரை மணியில ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிடலாமே?

நான் மட்டும் சொல்லல. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல உடான் பத்தி ஒரு அறிக்கை கொடுத்தார். மூணாவது சுற்று வரைக்கும் கொடுத்த 774 தடங்கள்ல 403 தொடங்கவே இல்ல. தொடங்கின 371-ல மூணு வருஷம் முழுசா ஓடினது 112. சலுகைக் காலம் முடிஞ்ச பிறகும் 2023 மார்ச் வரைக்கும் தாக்குப் பிடிச்சது 54. நூத்துக்கு ஏழு! இந்த மார்க்குக்கு எங்க வாத்தியார் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்.

பக்கத்துல சேலத்தைப் பாருங்க. 2009-ல கிங்ஃபிஷர் வந்துச்சு, நின்னுச்சு. 2018 மார்ச்ல உடான்ல ட்ரூஜெட் வந்துச்சு, 2021-ல நின்னுச்சு. 2023 அக்டோபர்ல வேற கம்பெனிங்க வந்து மறுபடி தொடங்கினாங்க. சேலத்துல இருந்து சென்னைக்கு ரோட்டுல 340 கி.மீ. அந்தத் தூரத்துக்கே விமானம் இப்படி விக்கி விக்கி ஓடிச்சுன்னா, 130 கி.மீ. தூரத்துல இருக்கற வேலூருக்கு?

தலைக்கு மேலயும் போகுது, கண்ணுக்கு முன்னாலயும் போகுது

எனக்கு உண்மையில கோபம் வர்ற இடம் இதுதான்.

ரெண்டு பெரிய ஊருக்கு நடுவுல ஒரு கோட்டைப் போட்டு, அதோட நேரத்தை எப்படிக் குறைக்கலாம்னு மட்டும் யோசிச்சா, கோட்டுல இருக்கற ஊரெல்லாம் இடைஞ்சலா தெரிய ஆரம்பிச்சுடும். விமானம்னா தலைக்கு மேல போயிடும், சரி. தரையிலயும் அதே புத்திதான்.

2022 நவம்பர்ல தென்னிந்தியாவோட முதல் வந்தே பாரத், சென்னை–மைசூரு, ஓட ஆரம்பிச்சுது. எங்க ஸ்டேஷன் வழியாத்தான் போகுது. நிக்கறது காட்பாடி, அப்புறம் பெங்களூரு. நடுவுல ஆம்பூரு, வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் ஜன்னல்ல தெரியற மங்கலான கோடு. அதுல பெங்களூரு போகணும்னா கிழக்கே காட்பாடிக்கு 65 கி.மீ.க்கு மேல போய் ஏறி, வந்த வழியே திரும்பி, நம்ம ஸ்டேஷனைத் தாண்டிப் போகணும். விமானத்துக்குச் சொன்ன அதே கூத்து!

சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை, சுமார் 260 கி.மீ., 2022 மே மாசம் அடிக்கல் நாட்டினாங்க. அது ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர், கோலார் தங்கவயல் பக்கமா ஒசக்கோட்டைக்குப் போகுது. நேர்கோட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துட்டாங்க, வாழ்த்துக்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் அந்தக் கோட்டுல இல்ல.

ஆனா யோசிச்சுப் பாருங்க. 1856-ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயிலை விட்டான் வெள்ளைக்காரன். 1860களோட தொடக்கத்துலயே அந்தத் தண்டவாளம் எங்க ஊரைத் தாண்டிப் போயிடுச்சு. 1864-ல ஜோலார்பேட்டையில இருந்து பெங்களூருக்குக் கிளை போட்டாச்சு. எங்க ஊரு பாயிங்க தோல் மூட்டையை ரயில்ல போட்டு சென்னைக்கு அனுப்பித்தான் இந்தத் தொழில் இவ்வளவு பெருசாச்சு. தூரம் மாறல. ரயில் நின்னுச்சு, அவ்வளவுதான். ஒரு ஊரு வளர்றதும் தேயறதும் வண்டி எவ்வளவு வேகமா போகுதுங்கறதுல இல்ல, நிக்குதா இல்லையாங்கறதுல இருக்கு.

இன்னிக்கும் எங்க ஊரு தினசரிப் பயணிக்கு உசுரு மாதிரி இருக்கறது ஏலகிரி எக்ஸ்பிரஸ். விடியக்காலையில ஜோலார்பேட்டையில கிளம்பி சென்னைக்குப் போகும், சாயங்காலம் சென்னையில கிளம்பித் திரும்பும். அதுல போய் படிச்சவங்க, வேலை பார்த்தவங்க, வக்கீலைப் பார்க்கப் போனவங்க, அடையாறுல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு சாம்பிள் தூக்கிட்டுப் போனவங்க எத்தனை பேர்! ஒரு குட்டி விமானம் 20 பேரை ஏத்தும். ஏலகிரியில ஒரே பெட்டியில நிக்கறவங்களே அதுக்கு மேல இருப்பாங்க.

இன்னும் ஒண்ணு. ஷூ கம்பெனியில தையல் மெஷின் முன்னாடி உக்காந்திருக்கற பொம்பளைங்க சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து கம்பெனி பஸ்ல வர்றாங்க. அவங்களுக்கும் ஒரு பயண நேரம் இருக்கு. இருட்டுல கிளம்பி இருட்டுல வீடு திரும்பற நேரம். அதுல அரை மணி குறைஞ்சா புள்ளைக்குச் சுடுசோறு கிடைக்கும். எந்த இணையப் பக்கத்துலயும் அந்த நேரம் கிடையாது. எந்தத் திட்ட அறிக்கையிலயும் அது ஒரு கட்டமா இருந்து நான் பார்த்ததில்ல.

எதிர்க்கேள்விகள் (நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே)

"அப்ப முன்னேற்றமே வேணாமா?"

வேணும் சாமி. பிரான்ஸ் நாடு முன்னேறலையா? ரயில்ல ரெண்டரை மணிக்குள்ள போக முடிஞ்ச இடத்துக்கு உள்நாட்டு விமானம் கூடாதுன்னு 2021-ல சட்டம் போட்டு, 2023 மே மாசம் நடைமுறைக்கும் கொண்டு வந்தாங்க. பாரிஸ் ஓர்லியில இருந்து லியோன், நாந்த், போர்தோ மூணு தடமும் அதுல அடங்கிடுச்சு. அதுக்கு முன்னாடி ரயிலை வேகமா, நிறைய, நேரத்துக்கு ஓட வச்சாங்க. அந்த வரிசை முக்கியம். முதல்ல ரயில், அப்புறம் தடை.

"ஓசூர்ல பெரிய விமான நிலையம் வருதே?"

2024 ஜூன்ல சட்டசபையில முதல்வர் அறிவிச்சார், 2,000 ஏக்கர்ல. வந்தா எங்களுக்கு நிஜமாவே லாபம்தான். 100 கி.மீ.தான், அதுவும் மேற்கே போறவனுக்கு நேர் வழி. ஆனா பெங்களூரு விமான நிலையத்தோட ஒப்பந்தத்துல 150 கி.மீ. சுத்தளவுக்கு 25 வருஷத்துக்கு வேற நிலையம் கூடாதுன்னு ஒரு ஷரத்து இருக்கு. 2033 வரைக்கும் அது நிக்குது. பாருங்க, எங்க பயண நேரத்தை முடிவு பண்றது காத்தோட வேகம் இல்ல, ஒரு காகிதத்துல இருக்கற ஒரு வரி.

"ஒவ்வொரு ஊர்லயும் நின்னா அது எக்ஸ்பிரஸா?"

ஒவ்வொரு ஊர்லயும் நிக்கச் சொல்லல. காட்பாடிக்கும் பெங்களூருக்கும் நடுவுல ஒரே ஒரு இடத்துல நிக்கச் சொல்றோம். ரெண்டு நிமிஷம் நின்னு, வேகத்தைக் குறைச்சுக் கூட்டறதையும் சேர்த்தா அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்துக்காக பெங்களூர்ல எந்தக் கப்பலும் காத்துக்கிட்டு இல்ல. (பெங்களூர்ல கடலே இல்லங்கறது வேற விஷயம்.)

அப்ப என்னதான் வேணும்?

1. வந்தே பாரத், சதாப்தி ரெண்டுல ஒண்ணாவது ஆம்பூர்லயோ வாணியம்பாடியிலயோ ஜோலார்பேட்டையிலயோ நிக்கணும். எந்த ஊருங்கறதுல நாங்க அடிச்சுக்க மாட்டோம். (ஆம்பூர்க்காரங்க அடிச்சுக்குவாங்க, பிரியாணி விஷயத்துல பழகிப் போச்சு.)

2. ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் நடுவுல மணிக்கு ஒரு மெமு ரயில். காட்பாடிக்குப் போய் எல்லா வண்டியும் பிடிச்சுக்குவோம்.

3. மீனம்பாக்கம் விமான நிலைய வாசல்ல இருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்கு நேரப்படி அரசுப் பேருந்து. பெங்களூரு விமான நிலையத்துல இருந்து மைசூருக்கு கர்நாடகாக்காரங்க 'ஃப்ளைபஸ்' விடறாங்களே, அது மாதிரி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கும், பையருக்கும், துபாய்ல இருந்து வர்ற எங்க ஊரு பையனுக்கும் ஒரே பஸ் போதும். விமான நிலையம் கட்டற காசுல பஸ் எத்தனை வருஷம் ஓட்டலாம்னு அதிகாரிங்க ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

4. இனிமே எந்தத் திட்டத்துக்கும் "விமான நேரம் இவ்வளவு"ன்னு மேடையில பேசக் கூடாது. வீட்டு வாசல்ல இருந்து போற இடத்து வாசல் வரைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு மூணு எண்ணையும் சேர்த்துச் சொல்லணும். மூணுல ஒண்ணை மறைச்சாலும் அது பொய்தான்.

இதுல எதுவும் வானத்துல இருந்து இறங்க வேண்டிய திட்டம் இல்ல. தண்டவாளம் இருக்கு, ரோடு இருக்கு, ஸ்டேஷன் இருக்கு. 160 வருஷமா இருக்கு. நிறுத்தற மனசுதான் இல்ல.

நடுவுல இருக்கற ஊர்க்கார பதிவர்கள் நிறைய பேர் இருக்கீங்க. திண்டிவனம், விருத்தாசலம், மணப்பாறை, கோவில்பட்டின்னு. உங்க ஊர்ல இருந்து பக்கத்துப் பெரிய ஊருக்கு வாசலுக்கு வாசல் எத்தனை மணி நேரம், அதுல உருண்டுக்கிட்டு இருந்த நேரம் எவ்வளவு, காத்துக்கிட்டு இருந்த நேரம் எவ்வளவுன்னு ஒரு நாள் குறிச்சு வச்சு எழுதுங்க. பத்துப் பேர் எழுதினா அது புலம்பல். நூறு பேர் எழுதினா அது ஒரு அட்டவணை. எந்த மந்திரி மேசையிலயும் வைக்கலாம்.

டிஸ்கி: மேல இருக்கற ரோட்டு நேரமெல்லாம் சாதாரண நாள் கணக்கு. பொங்கல், ரம்ஜான், தீபாவளிக்கு முந்தின நாள் கணக்கு கேட்டு யாரும் பின்னூட்டம் போடாதீங்க. அதுக்குச் சூத்திரம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.